அச்சச் சுவையும் பால் வேறுபாடும்

திரைப்பட விருப்பத்தை ஆளுமையோடும் பாலோடும் இணைத்துக் காணும் உளவியல் ஆய்வுகள் பல. ரென்ட்ஃபிரோ, கோல்ட்பர்க், சில்கா ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு பொழுதுபோக்கு விருப்பங்களை ஐந்து கூறுகளாக வகுத்தது. காதலும் உறவும் சார்ந்தவற்றைப் பெண்களும், திகிலும் விறுவிறுப்பும் சார்ந்தவற்றை ஆண்களும் மிகுதியாக நாடுவதாக அது காட்டிற்று. இவை சராசரிகளே. எனினும் இவற்றைப் 'பெண்ணின் இயல்பு', 'ஆணின் இயல்பு' என்று வாசிப்பது எளிது. அவ்வாறு வாசிப்பது பிழை.

அதற்கான சான்று 1986ஆம் ஆண்டு ஆய்வொன்றில் உள்ளது. சில்மன், வீவர் முதலியோர் கல்லூரி மாணவர்களுக்குத் திகில் படமொன்றைக் காட்டினர். ஒவ்வொருவர் அருகிலும் எதிர்ப்பாலார் ஒருவரை அமர்த்தினர். அருகமர்ந்தவர், முன்னரே பயிற்றுவித்தபடி, அஞ்சியோ அஞ்சாமலோ பொருட்படுத்தாமலோ நடந்துகொண்டார். அஞ்சும் பெண்ணின் அருகில் ஆண்கள் படத்தை மிகவும் சுவைத்தனர். அஞ்சாத பெண்ணின் அருகில் மிகக் குறைவாகச் சுவைத்தனர். பெண்களோ அஞ்சாத ஆணின் அருகில் மிகுதியாகவும் அஞ்சும் ஆணின் அருகில் மிகக் குறைவாகவும் சுவைத்தனர். படம் மாறவில்லை, உடனிருந்தவரின் நடத்தையே மாறியது.

தொல்காப்பியம் பயின்றோர்க்கு இம்முடிவு வியப்பளிக்காது. அந்நூல் அச்சத்தை இரண்டு இடங்களில் வெவ்வேறாகக் கூறுகிறது. களவியலில் அச்சம், நாண், மடன் ஆகியவற்றோடு சேர்ந்து பெண்பாற்கு உரியதாகிறது; பெருமையும் உரனும் ஆண்பாற்கு. மெய்ப்பாட்டியலிலோ அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்கள் மட்டுமே அச்சத்திற்குச் சொல்லப்படுகின்றன. அஞ்சுவோர் எப்பாலர் என்னும் வரையறை அங்கு இல்லை. முன்னது ஒழுகலாறு, பின்னது சுவைக்கொள்கை. 'திகில் படம் விருப்பமா' என வினாநிரலில் கேட்பவர் மெய்ப்பாட்டை அளப்பதாகக் கருதுகிறார். அவர் பெறும் விடையிலோ களவியல் மரபும் கலந்திருக்கிறது. உரன் காட்ட வேண்டிய இளைஞனின் 'ஆம்' என்பதையும், நாண் காக்க வேண்டிய பெண்ணின் 'இல்லை' என்பதையும் விருப்பத்தின் நேரடிப் பதிவாகக் கொள்ள இயலாது.

இளம்பூரணர் மேற்கோள் காட்டும் செயிற்றியனார், நடிப்போன் செய்வது காண்போரைச் சென்றடைதலையே மெய்ப்பாடு என்பார். அக்கொள்கையில் காண்போர் உண்டு. காண்போரின் அயலிருப்போர் இல்லை. தமிழ்த் திரைச்சுவை ஆய்வுகள் அவ்வயலாரையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். எப்படத்தை என்பதோடு, யாருடன், எங்கே கண்டார் என்றும் வினவலாம். குடும்பத்தோடு அரங்கில் காணும் பெண், அதே படத்தைக் கைப்பேசியில் தனித்துக் கண்டபின் அதே விடையைத் தருவாரா என்பது பெருஞ்செலவின்றிச் சோதிக்கத்தக்கது.