கரடியும் நம் கோடைப் பயணமும்

பள்ளித் தேர்வுகள் முடியுந் தறுவாயில் உள்ளன. நஞ்சன்கூட்டில் வாழும் நம் குடும்பங்களிற் பல இன்னும் இரண்டொரு வாரங்களில் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்படும். கோவைப் பக்கத்தார்க்கும் நீலகிரிப் பக்கத்தார்க்கும் குண்டலுப்பேட்டை, பண்டிப்பூர் வழியே வழி. ஊருக்குச் செல்ல வாய்ப்பில்லாதோர் பிள்ளைகளின் மனநிறைவுக்காகக் கோபாலசுவாமி மலைக்கோ பிளிகிரிரங்கன் மலைக்கோ சென்று வருவர். ஆதலின் இத்திங்கள் வீட்டுச் செலவு, பிள்ளைகளின் தமிழ்ப்பாடம் ஆகியவற்றைச் சற்றே ஒதுக்கி வைத்துக் கரடியைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

சிலர் நகைக்கக் கூடும். பண்டிப்பூர்க் காட்டில் அஞ்சத் தக்கவை புலியும் யானையுமல்லவா, கரடி எம்மாத்திரம் என்பர். நாமும் சென்ற தைத் திங்கள் வரையில் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

பொங்கல் விடுமுறைக்கு நம் சங்கத்துக் குடும்பங்கள் மூன்று ஒரே வண்டியில் கோத்தகிரிக்குப் புறப்பட்டன. அவற்றுள் எங்கள் குடும்பமும் ஒன்று. பண்டிப்பூர்ச் சாலையில் இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை போக்குவரத்துக்குத் தடையுண்டு. இத்தடை 2009ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. ஆகவே விடியுமுன்னரே சென்று மேல்காமனஹள்ளிச் சாவடியில் வரிசையில் நின்றோம். கதவு திறந்தது, காட்டுக்குள் நுழைந்தோம். சிறிது தொலைவு சென்றதும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அடக்க மாட்டாமல் அழத் தொடங்கினான். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தலாகாது என்பது விதி. ஆயினும் ஓட்டுநர் மனமிரங்கி நிறுத்திவிட்டார். தந்தையார் மகனை அழைத்துக்கொண்டு சாலையோரத்து உண்ணிச்செடிப் புதரை நோக்கி நடந்தார்.

வண்டிக்குள்ளிருந்த பாட்டியாருக்கு இது பொறுக்கவில்லை. "புறப்படும்போது பத்துத் தடவை கேட்டேனே, அப்போது வரவில்லை என்றாயே" என்று பேரனையும், "இந்தக் காட்டிலா இறக்குவது?" என்று மகனையும் உரத்த குரலில் வையத் தொடங்கினார். தந்தையார் திரும்பி, அமைதியாயிருக்கும்படி கையசைத்தார். பாட்டியார் கேட்டாரில்லை. அந்த வசவொலிக்கு இடையில் புதருக்கு அப்பால் கொல்லன் உலைத்துருத்தி ஊதுவது போன்ற ஓசை ஒன்று கேட்டது, கேட்டுக்கொண்டிருக்கும்போதே நின்றது. கருத்த உருவம் ஒன்று புற்றின் பின்னாலிருந்து எழுந்து இரண்டு கால்களில் நின்று, மூக்கை உயர்த்தி மோந்து, 'ஹூம்' என்று சீறிவிட்டு, மறுபுறம் இறங்கி மறைந்தது. தந்தையாருக்கும் அதற்கும் இடையே எங்கள் கூடத்தின் நீளம் இருந்திருக்கலாம். மகனை வாரியெடுத்துக்கொண்டு வண்டிக்குள் வந்தமர்ந்தவர் கூடலூர் வரையில் ஒரு சொல்லும் பேசவில்லை.

பின்னர் காட்டை அறிந்தவர்களிடம் கேட்டபோதுதான் எங்களைக் காத்தது எதுவென்று தெரிந்தது. பாட்டியாரின் வசவேதான். தந்தையார் விரும்பியவாறு எல்லோரும் வாய்மூடி இருந்திருப்பின், புற்றுக்குள் முகத்தைப் புதைத்துக் கறையானை உறிஞ்சிக்கொண்டிருந்த அவ்விலங்கு, கைக்கெட்டும் தொலைவில் மனிதர் வந்து நிற்கும் வரையில் அறிந்திராது. அறிந்த கணமே பாய்ந்திருக்கும்.

நம் நாட்டுக் கருங்கரடியின் இயல்பு இதுதான். அதன் மோப்பம் மிகக் கூரியது; பார்வையும் செவியும் அத்துணைக் கூரியவையல்ல. மேல்வாயின் முன்பற்கள் இரண்டு அதற்கு இல்லை. அந்த இடைவெளியின் வழியே காற்றை ஊதி மண்ணை விலக்கிக் கறையானை உறிஞ்சுகிறது. அவ்வோசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும் என்பர். தன் ஓசையிலேயே தான் மூழ்கியிருக்கும் விலங்கு அது. புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து வந்த இனமாதலால், நெருங்கிய ஆபத்தினின்று ஓடித் தப்புவதைவிட எதிர்த்துப் பாய்வதே அதன் பழக்கமாயிற்று. நம்மைத் தின்பதற்காக அது தாக்குவதில்லை, திடுக்கிட்டதால் தாக்குகிறது. தாக்குவதும் பெரும்பாலும் தலையையும் முகத்தையுமே. மத்தியப் பிரதேசத்தில் 1989 முதல் 1994 வரையிலான ஐந்தாண்டுகளில் கரடியால் தாக்குண்டோர் 735 பேர். அவருள் மாண்டோர் 48 பேர். எஞ்சியோர் பிழைத்தனர். ஆனால் பலர் கண்ணும் மூக்கும் சிதைந்து பிழைத்தனர் என்பதை நினைக்கும்போது, பிழைத்தார்கள் என்று எழுதிவிட்டு மேலே செல்ல மனம் ஒப்பவில்லை.

பழந்தமிழர் இவ்விலங்கை நன்கறிந்திருந்தனர். எண்கு என்றும் உளியம் என்றும் பெயரிட்டு வழங்கினர். எண்கு புற்றைக் கெண்டிக் குரும்பி தின்பதையும் இருப்பைப் பூவை உண்பதையும் அகநானூற்றுப் புலவர்கள் கண்டெழுதியுள்ளனர். ஐரோப்பியப் புலமையோர் இதனை முதலில் கண்டபோது, நீண்ட நகங்களைப் பார்த்து, மரத்தில் தொங்கும் அமெரிக்கச் சோம்பல் விலங்கின் இனமென மயங்கி 1791இல் அவ்வாறே பெயரும் இட்டுவிட்டனர். ஆங்கிலத்தில் இன்றும் 'சோம்பற் கரடி' என்றே பொருள்படும் பெயர் வழங்குகிறது. ஓட்டத்தில் மனிதனை எளிதில் முந்தும் ஒரு விலங்குக்கு இப்பெயர்! நமக்கு அந்த மயக்கம் வேண்டா. கன்னடத்திலும் தமிழிலும் அதற்குக் கரடி என்பதே பெயர். அக்கம்பக்கத்துக் கன்னட நண்பர் 'கரடி' என்று எச்சரித்தால் மொழிபெயர்ப்பின்றியே விளங்கும்.

நம்முள் மூத்தோர்க்கு வேறொரு மயக்கம் உண்டு. மூக்கில் கயிறு பூட்டிய கரடியைத் தெருவில் ஆட்டி, அதன் முடியைத் தாயத்துக்கென்று விற்ற வித்தைக்காரரை அவர்கள் கண்டிருக்கின்றனர். குழந்தையைக் கரடியின் முதுகில் ஏற்றினால் அச்சம் தெளியும் என்று ஏற்றிய தாய்மாரும் உண்டு. பல்லைப் பிடுங்கி, மூக்கைத் துளைத்து, பட்டினியில் அடக்கிய கரடி அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னும் இத்தொழில் பல்லாண்டுகள் மறைவாக நடந்தது. மீட்கப்பட்டவற்றுள் பல பெங்களூரையடுத்த பன்னேர்கட்டாக் காப்பகத்தில் வைத்துப் பேணப்பட்டன. அக்கரடியின் நினைவைக் கொண்டு காட்டுக் கரடியை அளக்கலாகாது.

இனி, காட்டோரம் செல்வோர் செய்யத்தக்கது யாதெனின், முதற்கண் தம் வரவை அறிவித்தல். இருவர் மூவராகப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். வளைவிலும், பாறை இடுக்கிலும், நீரோசை மிக்க ஓடைக்கரையிலும் கை தட்ட வேண்டும். காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு முன்னே தனியாக நடக்கும் நம் இளைஞர்களுக்கு இதனை அழுத்தமாகச் சொல்கிறோம். விடியற்போதும் அந்திப்போதும் கரடி இரை தேடும் வேளை. பகலில் உண்ணிச்செடிப் புதரிலும் பாறைக் குகையிலும் படுத்திருக்கும். பண்டிப்பூரில் உண்ணிச்செடி மண்டிக் கிடப்பதைக் கண்டோர்க்கு இதன் பொருள் விளங்கும். புதிதாகத் தோண்டிய புற்று, பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம், கொன்றையும் அத்தியும் நாவலும் காய்த்துக் குலுங்கும் இடம் ஆகியவற்றைக் கண்டால் அங்கே நில்லாது திரும்புக. பங்குனி சித்திரையில் தாய்க்கரடி மாரிக்காலத்தின் பின் ஈன்ற குட்டிகளை முதுகில் சுமந்து திரியும். நம் பிள்ளைகளின் விடுமுறையும் அதே காலத்தில் அமைந்திருக்கிறது. வளர்ப்பு நாயை உடனழைத்துச் செல்லவே வேண்டா. நாய் கரடியைச் சீண்டிவிட்டு, துரத்தப்பட்டதும் நம் காலடிக்கே ஓடிவரும்.

தொலைவில் கரடி தென்பட்டு, அது நம்மைக் காணாதிருப்பின், ஓசையின்றிப் பின்வாங்குக. அண்மையில் கண்டுவிட்டால் ஓட வேண்டா, மரமேறவும் வேண்டா. தேனுக்காக நெடுமரம் ஏறும் விலங்கு அது. குழந்தைகளை நடுவில் வைத்துப் பெரியவர்கள் சேர்ந்து நின்று, தணிந்த குரலில் பேசியவாறு அடிமேல் அடியாகப் பின்னால் நகர வேண்டும். பாய்ந்து வரும் கரடி சில வேளை பாதி வழியில் நின்று திரும்புவதும் உண்டு. அவ்வாறு நில்லாது மேலே விழுந்தே விட்டால், குப்புறப் படுத்து, முகத்தை மண்ணோடு பொருத்தி, இரு கைவிரல்களையும் பிடரிக்குப் பின் கோத்து, முழங்கைகளால் கன்னங்களை மறைத்து, அசையாது கிடக்க வேண்டும். முதுகில் பையிருந்தால் கழற்றற்க, அதுவே கவசம். கரடி அகன்ற பின்னும் உடனே எழலாகாது.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நம் பிள்ளைகள் பலர் உள்ளனர். கருங்கரடி வந்தால் கையை உயர்த்திக் கூச்சலிடு, தாக்கினால் எதிர்த்துப் போராடு, உணவை மரத்தில் கட்டித் தொங்கவிடு என்று அவர்கள் தொலைபேசியில் சொல்கின்றனர். அந்நாட்டுக் கருங்கரடிக்கு அது பொருந்தும், அது கூச்சமுடையது. நம் நாட்டுக் கரடியும் கறுப்புத்தான், ஆனால் குணம் வேறு. அடிபட்டால் அது மேலும் மூர்க்கமாகும். ஆகவே அங்குள்ளோர் அங்குள்ள அறிவுரையையும், இங்குள்ளோர் இங்குள்ள அறிவுரையையும் கைக்கொள்வதே நன்று. கூடாரம் பற்றி வினவிய இளைஞர்க்கும் விடை கூறிவிடுகிறோம்: புலிக் காப்பகத்துக்குள் தாமாகக் கூடாரமடித்தல் குற்றம். நம் வட்டத்தின் ஹெடியாலாப் பக்கமும் அக்காப்பகத்தைச் சேர்ந்ததே. காட்டிலாகாவின் அனுமதியும் வழிகாட்டியும் உள்ள இடங்களுக்கே செல்க.

நீலகிரி செல்வோர்க்குத் தனியே சில சொற்கள். 'சிவபூசையில் கரடி புகுந்தாற்போல' என்ற பழமொழியைக் கேட்டிருக்கிறோம். அங்கே கரடி என்பது விலங்கன்று, கரடிகை என்னும் பறை என்று புலவர் சிலர் உரைப்பர்; வட கன்னட நாட்டில் இன்றும் 'கரடி மஜலு' என்ற தோற்கருவி இசை உண்டாதலின் அதனைத் தள்ளவும் இயலவில்லை. ஆனால் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இப்பழமொழி நேர்ப்பொருளிலேயே நடக்கிறது. விளக்கெண்ணெயின் மணத்துக்குக் கோயிற் கதவை உடைத்துக் கரடி உட்புகுவது அங்கே செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறது. கடைகளையும் சமையலறைகளையும் அது விடுவதில்லை. எனவே அங்கு உறவினர் வீட்டில் தங்கும் தாய்மார்கள் எண்ணெய்க் கலயம், மிஞ்சிய சோறு, பலாச்சக்கை ஆகியவற்றைப் புழக்கடையில் வைக்கலாகாது. இரவில் வெளியே செல்ல நேர்ந்தால் முதலில் வாயிற்படியில் நின்று விளக்கடித்துப் பார்த்து, ஒரு குரல் கொடுத்துவிட்டே இறங்க வேண்டும். விடியலில் தேயிலைச் செடிகளுக்கிடையே தனியாக உலவப் போகும் பழக்கம் நம் ஆண்களுக்கு உண்டு. வெயில் ஏறும் வரை பொறுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

காயம் பட்டுவிட்டால் துணியால் அழுத்திக் குருதியை நிறுத்தி, 108க்கு அழைத்து, மருத்துவமனைக்கு விரைக. குருதி கட்டுக்குள் வந்ததும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீருமாகக் கால்மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பலாகாது. கரடிக் கடிக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவை என்பதைப் பலர் அறியார். மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்க. தாக்குண்டோர்க்கு அரசு உதவித்தொகை அளிக்கிறது. அதற்குக் காட்டிலாகாவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மருத்துவச் சீட்டுகளைப் போற்றி வைத்தலும் வேண்டும்.

சங்கத்தின் கோடைப் பயண வண்டி இவ்வாண்டும் கோத்தகிரிக்கே செல்கிறது. சாவடிக்கு முன்னதாகக் குண்டலுப்பேட்டையில் அரைமணி நேரம் நிற்கும். பிள்ளைகள் அனைவரும், வருகிறதோ இல்லையோ, அங்கே இறங்கிவிட்டு வர வேண்டும். அதனை மேற்பார்க்கும் பொறுப்பை அதே பாட்டியார் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.