சபாஷ் போட்டுவிட்டால் வீடு கிடைத்துவிடுமா?

புயலோ வெள்ளமோ வந்தால் முதலாளித்துவப் பத்திரிகைகளில் ஒரு படம் தவறாமல் வந்துவிடுகிறது. பனியன் போட்ட வாலிபர்கள் முழங்கால் சேற்றில் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். இந்த ஊர்ப் பந்தாட்டக் குழு, அந்த ஊர்க் கபடிக் குழு என்று கீழே இரண்டு வரி எழுதி, இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கையில் நாட்டுக்கு என்ன குறை என்று தலையங்கமும் தீட்டிவிடுவார்கள்.

அந்த வாலிபர்களை நாமும் மனமாரப் பாராட்டுகிறோம். அவர்களில் பெரும்பாலோர் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால், பத்திரிகைக்காரர் போடும் சபாஷில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பிள்ளைகள்தான் செய்கிறார்களே, சர்க்கார் எதற்கு, கஜானா எதற்கு என்று ஜனங்களைக் கேட்க வைக்கும் சூழ்ச்சி அது. இதைப் புரிந்துகொள்ள ஜப்பானில் ஒரு இரும்பாலை ஊரைப் பார்த்தால் போதும்.

வடகிழக்கு ஜப்பானில், இவாதே மாகாணத்துக் கடற்கரையில் இருக்கிறது கமாயிஷி. 1857ல் மேனாட்டு முறை ஊதுலை கட்டி இரும்பு உருக்கிய இடம் அது. 1960களில் ஏறக்குறைய தொண்ணூறாயிரம் பேர் வாழ்ந்த ஊர். ஆலைத் தொழிலாளிகளைக் கொண்ட ரக்பிக் குழு ஒன்று அங்கே இருந்தது. பலரும் உயர்நிலைப் பள்ளியை முடித்துவிட்டு நேரே ஆலைக்குள் நுழைந்தவர்கள். எதிரே வந்து நின்றவர்கள் பேர்பெற்ற பல்கலைக்கழக மாணவர்கள். 1979 முதல் 1985 வரை தொடர்ந்து ஏழு வருஷம் தேசிய சாம்பியன் பட்டத்தை இந்தத் தொழிலாளிகள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை! மீன்பாடு அமோகமாக இருக்கும் நாளில் படகில் கட்டும் வண்ணக் கொடிகளைக் கமாயிஷி ஜனங்கள் தூக்கிக்கொண்டு போய் மைதானத்தில் வீசினார்கள்.

கம்பெனிக்கு அந்தக் குழு நல்ல விளம்பரம். ஆனால் லாபக் கணக்கு வேறு பேசியது. 1989ல் கமாயிஷியின் கடைசி ஊதுலையும் அணைக்கப்பட்டது. கோப்பைகள் ஏழும் ஒரு தொழிலாளியின் வேலையைக்கூடக் காப்பாற்றவில்லை. வேலை போனது, வாலிபர்கள் ஊரைவிட்டுப் போனார்கள், ஜனத்தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. 2001ல் ஊரார் முன்வந்து அந்தக் குழுவைத் தங்கள் குழுவாக்கிக் கொண்டார்கள். கமாயிஷி ஸீவேவ்ஸ் என்று அதற்குப் பெயர். நம் பக்கத்து மில்களிலும் கால்பந்துக் குழுவும் கைப்பந்துக் குழுவும் கொடிகட்டிப் பறந்த காலம் உண்டு. மில் கதவு சாத்தப்பட்டபோது அவை என்ன ஆயின என்று அந்த மில்களில் வேலை செய்தவர்களைக் கேட்டால் தெரியும்.

2011 மார்ச் 11. 2004 டிசம்பரில் நாகப்பட்டினம் கண்ட அதே ஆழிப்பேரலையைக் கமாயிஷி கண்டது. அந்த ஊரில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள், காணாமற் போனார்கள். வளைகுடா வாயில் 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பிய அலைத்தடுப்புச் சுவர் ஒன்று இருந்தது. 1978ல் தொடங்கி 2009ல்தான் முடித்தார்கள். உலகிலேயே ஆழமானது என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏற்றினார்கள். இரண்டே வருஷத்தில் அலை அதை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

அன்று முதல் ஸீவேவ்ஸ் வாலிபர்கள் பந்தை ஓரமாக வைத்துவிட்டு லாரிகளிலிருந்து நிவாரணச் சாமான்களை இறக்கினார்கள், நடக்கமாட்டாத கிழவர்களைத் தூக்கினார்கள். குழுவில் ஆடிய ஆஸ்திரேலிய வீரர் ஸ்காட் ஃபார்டியை ஊருக்குத் திரும்பச் சொல்லி அவர் நாட்டுத் தூதரகம் அழைத்தது. அவர் போகவில்லை. எட்டு வருஷம் கழித்து, 2019 உலகக் கோப்பையின்போது, இன்னொரு காட்சி. அக்டோபர் 13ந் தேதி கமாயிஷியில் கனடாவும் நமீபியாவும் மோதுவதாக இருந்தது. அதற்குமுன் ஆடிய மூன்று ஆட்டத்திலும் இரு குழுக்களும் தோற்றிருந்தன. வெற்றி காண இருந்த கடைசி வாய்ப்பு அது. ஹகிபிஸ் சூறாவளி வந்து ஆட்டம் ரத்தாயிற்று. கனடா வாலிபர்கள் ஓட்டலில் முடங்கவில்லை, தெருவில் இறங்கிச் சேற்றை வாரிக் கொட்டினார்கள்.

விளையாட்டு வேலையற்றவர்கள் வேலை, அதை நம் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். ஒருவரையொருவர் தெரிந்த பதினைந்து பேர், ஒரு விசிலுக்குக் கூடுகிறவர்கள், கூட ஓடி வருகிறவனின் மூச்சைக்கூட அறிந்தவர்கள் ஒரு கிராமத்தில் இருந்தால், தாசில்தார் ஜீப் வந்து சேர்வதற்குள் எத்தனை உயிர் பிழைக்கும் என்பதை அந்தத் தோழர்கள் யோசிக்கட்டும்.

கமாயிஷியிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. உனோசுமாய் பகுதியில் நடுநிலைப் பள்ளியும் ஆரம்பப் பள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பூமி குலுங்கியதும் மைதானத்தில் நின்ற கால்பந்துக் குழுப் பிள்ளைகள்தான் சுனாமி வருகிறது என்று கூவிக்கொண்டு முதலில் ஓடினார்கள் என்கிறார் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த பேராசிரியர் தோஷிதாகா கதாதா. அவர்களைப் பார்த்து, மூன்றாவது மாடிக்கு ஏறிப்போயிருந்த ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளும் இறங்கி ஓடினார்கள். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குறித்த இடத்தைச் சேர்ந்த பிறகும், மலைச்சரிவு இடிவதைக் கண்டு இன்னும் மேலே, இன்னும் மேலே என்று ஏறினார்கள். ஏறக்குறைய 570 பிள்ளைகள் பிழைத்தார்கள்.

பத்திரிகைகள் இதற்கு "கமாயிஷி அற்புதம்" என்று பெயர் வைத்தன. என்ன அற்புதம்? வருஷக்கணக்கில் பாடம் சொல்லி, ஓடவைத்துப் பழக்கியதன் பலன் அது. அதே உனோசுமாயில் தடுப்பு நிவாரண நிலையம் என்று பெயர் தாங்கிய கட்டடம் ஒன்று நின்றது. சுனாமிக்கு ஒதுங்க ஏற்ற இடமல்ல அது. ஆனாலும் கிழவர்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறதே என்று ஒத்திகையை அங்கேயே நடத்தினார்கள். பழகிய இடத்துக்கு ஜனங்கள் ஓடினார்கள். 160 பேருக்கு மேல் அங்கே மாண்டார்கள். மேலே ஓடக் கற்ற பிள்ளைகள் பிழைத்ததும், தாழ்வில் ஒதுங்கக் கற்ற பெரியவர்கள் செத்ததும் ஒரே ஊரில், ஒரே மணி நேரத்தில். இதைத் தெய்வச் செயல் என்று சொன்னால் பொறுப்பாளிகள் தப்பித்துக்கொள்வார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முன்னால் சொல்லத்தக்க வார்த்தையும் அல்ல. பின்னாளில் அந்த ஊராரே அற்புதம் என்ற சொல்லைக் கைவிட்டு, "கமாயிஷி நிகழ்ச்சி" என்று சொல்லலானார்கள்.

பள்ளிகள் இருந்த இடத்தில் 2018ல் ஒரு மைதானம் எழுந்தது. பள்ளியைக் குன்றின்மேல் கட்டினார்கள். நல்லதுதான். ஆனால் வீடிழந்தவர்கள் தற்காலிகக் கொட்டகைகளில் எத்தனை வருஷம் காத்துக் கிடந்தார்கள்! 2013ல் டோக்கியோ ஒலிம்பிக்கை வாங்கிக்கொண்டு வந்த ஜப்பானிய சர்க்கார் அதற்கு "மறுவாழ்வு ஒலிம்பிக்" என்று பட்டம் சூட்டியது. கொத்தனும் சிமெண்டும் டோக்கியோவுக்குப் போகிறது, எங்கள் வீடு நிற்கிறது என்று வடகிழக்கு ஜனங்கள் முறையிட்டார்கள். கேட்பார் யார்?

வீடும், வேலையிழந்த நாளுக்குக் கூலியும், கடன் ரத்தும் சர்க்கார் கொடுக்க வேண்டியவை. கபடிக் குழு மரத்தை வெட்டி வழி விடும். குடிசை கட்டப் பணம் கபடிக் குழுவிடம் இல்லை. நிவாரணப் பட்டியலில் விட்டுப்போன பெயர்களை எழுதிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு அதே குழு போனால் பத்திரிகையில் படம் வருமா? கலகக்காரர்கள் என்றல்லவா எழுதுவார்கள்!

முதலாளிகளின் விளையாட்டுப் பிரேமையையும் பார்த்துவிடுவோம். புகுஷிமா அணு உலைகளின் சொந்தக்காரக் கம்பெனி டெப்கோ. கூடுதல் உலைகள் கட்ட விரும்பிய காலத்தில், ஜே-வில்லேஜ் என்ற கால்பந்துப் பயிற்சி மைதானத்தைக் கட்டி, 1997ல் மாகாணத்துக்குத் தானம் செய்தது. பெண்கள் கால்பந்துக் குழு ஒன்றையும் வளர்த்தது. அணு நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆடிய பெண்கள் அவர்கள். 2011ல் உலைகள் வெடித்தபோது, அந்தப் பச்சை மைதானம் கதிர்வீச்சுக்குள் போய் உழைக்கும் தொழிலாளிகள் உடை மாற்றும் கூடாரமாயிற்று. அதே வருஷம் பெண்கள் குழுவைக் கம்பெனி கைகழுவிவிட்டது.

2021 மார்ச் 25ல் "மறுவாழ்வு" ஒலிம்பிக் தீபத்தை ஊர்வலமாக எடுத்தார்கள். புறப்பட்ட இடம் அதே ஜே-வில்லேஜ்.