பாயிண்டரை மட்டும் கேட்காதீர்கள்

புதிய கல்வியாண்டு தொடங்கும் நாளில், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் கார்கள் வரிசை பிடித்து நிற்கும். தலையணை, வாளி, மைலோ டின்னோடு பிள்ளையை விடுதியில் இறக்கிவிட்டு, கண் கலங்கித் திரும்பும் பெற்றோரில் நம்மவர்களும் உண்டு. பல வீடுகளில் அந்தப் பிள்ளைதான் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்.

அந்தப் பெருமையே சில நேரம் சுமையாகிவிடுகிறது. பிடிபிடிஎன் கல்விக் கடன் ஒருபுறம், பாயிண்டர் எனப்படும் தரப்புள்ளி இறங்கிவிடுமோ என்ற பயம் மறுபுறம். 'அப்பா ஓவர்டைம் பார்த்துப் படிக்க வைக்கிறார், அவரிடம் எப்படிச் சொல்வது?' என்று எல்லாவற்றையும் உள்ளுக்குள்ளேயே அமுக்கிக்கொள்கிறார்கள் பிள்ளைகள்.

இது ஓரிரு வீட்டுக் கதையல்ல. 2019இல் நாட்டில் 2.3 விழுக்காட்டுப் பெரியவர்களிடம் காணப்பட்ட மனச்சோர்வு, 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் 4.6 விழுக்காடாக இரட்டித்தது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர்!

அதே 2023இல் நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நீக்கியது. அதுவரை, தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவரை ஓராண்டு வரை சிறையில் அடைக்க அந்தப் பிரிவு இடம் கொடுத்தது. துன்பத்தில் இருப்பவர் குற்றவாளி அல்லர் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் வீடுகளில்தான், மனநல ஆலோசகரைப் பார்க்கப் போனாலே 'ஊர் என்ன பேசும்?' என்ற கேள்வி இன்னும் எழுகிறது.

விரிவுரையாளர்களையும் பணியாளர்களையும் மறந்துவிடக் கூடாது. வகுப்பு, ஆய்வுக் கட்டுரை, கேபிஐ என்ற பணி இலக்கு, நிர்வாக வேலை என்று ஓடிக் களைத்தவர், மாணவரின் முகம் வாடியிருப்பதை எப்படிக் கவனிப்பார்? மாணவரோடு உட்கார்ந்து பேசும் நேரத்தையும் பணியாகவே பல்கலைக்கழகங்கள் கணக்கிட வேண்டும். ஆலோசனை பெற்றது யாருடைய பதவி உயர்வையும் பாதிக்காது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். தாய்மொழியில் மனம்விட்டு அழ விரும்பும் பிள்ளைக்குத் தமிழ் பேசும் ஆலோசகரும் கிடைக்க வேண்டும்.

உதவி தேவைப்படுவோர் சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவிச் சேவையை 15555 என்ற எண்ணில் அழைக்கலாம். பினாங்கில் பிஃப்ரெண்டர்ஸ் தன்னார்வலர்களும் செவிகொடுத்துக் கேட்கிறார்கள்.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளையை அழைத்துப் பேசுங்கள். பாயிண்டர் பேச்சு பிறகு இருக்கட்டும். 'சாப்பிட்டாயா? நன்றாகத் தூங்கினாயா?' என்று முதலில் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால், பொறுமையாகக் காத்திருங்கள்.