மரம் இழுக்கும் வடம்

சென்ற மாதம் நோர்வே நாட்டிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் பௌதிகவியல் கற்ற மாணவர். அந்நாளில் வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்து சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த அவர், இன்று அந்நாட்டின் உட்பகுதியில் ஒரு சிறு பண்ணையையும் அதனை அடுத்த ஊசியிலைக் காட்டையும் பராமரித்து வாழ்கிறார். கோடையிற் பயிர், பனிக்காலத்தில் மரம் என அவருடைய ஆண்டு இரு கூறாகக் கழிகிறது.

அவர் எழுதியிருந்த செய்தி இதுதான்: “காட்டில் வெட்டும் மரங்களைப் பாதையோரத்துக்கு இழுத்துவர என் உழவு இயந்திரத்துக்கு ஒரு வின்ச் வாங்க வேண்டும், சேர். நான்கு தொன் இழுப்பதும் இருக்கிறது, எட்டுத் தொன் இழுப்பதும் இருக்கிறது. இன்னும் கொஞ்சப் பணம் சேர்த்தால் இரண்டு மடங்கு பலம் கிடைக்கிறதே! பெரியதை வாங்குவதுதானே புத்தி?” கடிதத்தின் அடியில் அவர் மனைவி தம் கையால் இரண்டு வரி சேர்த்திருந்தார்: “இவர் காட்டுக்குத் தனியாகவே போகிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.”

முன்னைய கேள்வி பௌதிகவியலைப் பற்றியது. பின்னைய வரிகள் ஓர் உயிரைப் பற்றியவை. இரண்டுக்கும் விடை ஒன்றே என எனக்குத் தோன்றிற்று. ஆதலால் அவருக்கு எழுதிய மறுமொழியின் சாரத்தை இந்த ஞாயிறு வாசகர்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

நான் மரம் இழுத்துப் பிழைத்தவனல்லன். ஆயினும் இழுவையின் கொடுமையைச் சிறுவயதிலேயே கண்டவன். 1986ஆம் ஆண்டு, அப்போது எனக்கு வயது ஒன்பது. வன்னியில் என் பெரியப்பா காடு வெட்டி வயலாக்கிக்கொண்டிருந்தார். ஒரு பாலையடிக் கட்டையைப் பெயர்ப்பதற்காகச் சங்கிலியின் ஒரு நுனியைக் கட்டையிலும் மறு நுனியை உழவு இயந்திரத்தின் பின்புறத்தில், அச்சுக்கு மேலே எட்டிய இடத்திலும் மாட்டினார். சங்கிலி இறுகியது. கட்டை அசையவில்லை. அவர் இன்னும் சற்று வேகம் கொடுத்தார். முன்சில்லுகள் இரண்டும் குதிரையின் முன்னங்கால்கள் போல மேலெழுந்தன. நாங்கள் “ஐயோ” என்று கத்தி முடிக்குமுன் வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து கிடந்தது. பெரியப்பா உயிர் தப்பினார், வலக்காலை இழந்தார்.

பின்சில்லுகள் உருள முடியாமல் நின்றுவிட்டால் எஞ்சினின் முறுக்கம் எங்கே போகும்? வண்டியின் உடலையே பின்னச்சைச் சுற்றித் தூக்கும். சங்கிலி உயரத்தில் கட்டப்பட்டிருந்தால் அதன் இழுப்பும் அதற்கு உதவியாகும். முழுவதும் கவிழ ஒன்றரை வினாடி போதும். கிளச்சை மிதிக்கவேண்டும் என்று மனிதனுக்குத் தோன்றுவதற்குள் காரியம் முடிந்துவிடும். 1959ஆம் ஆண்டில் சுவீடன் நாடு, புதிய உழவு இயந்திரங்களிலெல்லாம் சாரதியைக் காக்கும் உறுதியான இரும்புச் சட்டகம் இருத்தல் வேண்டும் எனச் சட்டமாக்கியது. அதன் பின்னர் அங்கே வண்டி கவிழ்ந்து மாண்டோர் தொகை மிகவும் குறைந்தது. பெரியப்பாவின் பழைய வண்டியில் அத்தகைய சட்டகம் இருக்கவில்லை.

வின்ச் என்னும் பொறி இந்த ஆபத்துக்கு ஒரு நல்ல மாற்று. அதில் வண்டி இழுப்பதில்லை. வண்டி நிற்க, வடம் இழுக்கிறது. கலப்பையை மாட்டும் அதே மூன்று இணைப்புக் கைகளில் பொறியை மாட்டுவர். எஞ்சினின் வலுவைப் பின்னே கொண்டுவரும் சுழல்தண்டு ஓர் உருளையைச் சுற்ற, அதில் வடம் சுருள்கிறது. பொறியின் அடியிலுள்ள கனத்த இரும்புத் தகட்டை நிலத்தில் இறக்கி ஊன்றிவிட்டால், தேர்ச்சில்லுக்கு இடும் முட்டுக்கட்டையைப் போல அது வண்டியைப் பின்னே சறுக்கவிடாமல் தாங்கும். நோர்வேயின் இக்லாந்து, பின்லாந்தின் பார்மி, சுலோவேனியாவின் தைபூன் முதலிய பெயர்களோடு இவை விற்பனைக்கு வருகின்றன. நிலத்தில் கணிசமான பகுதி காடாகவும், அக்காட்டிற் பெரும்பங்கு குடும்பங்களின் சொத்தாகவும் இருக்கும் நாடுகளில் இப்பொறி வளர்ந்தது வியப்பன்று.

இனித் தேர்வுக்கு வருவோம். முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, “பொறி எவ்வளவு இழுக்கும்?” என்பதன்று, “நான் இழுக்கவேண்டியது எவ்வளவு?” என்பதே. நடுவில் 30 சென்ரிமீற்றர் விட்டமும் 10 மீற்றர் நீளமும் உடைய ஒரு குற்றியை எடுத்துக்கொள்வோம். அதன் கனவளவு ஏறக்குறைய 0.7 கன மீற்றர். பச்சையான ஸ்புறூஸ் மரத்தின் நிறை கன மீற்றருக்கு 850 கிலோகிராம் எனக் கொண்டால் குற்றி ஒன்று ஏறத்தாழ 600 கிலோகிராம் ஆகும். மூன்றை ஒருங்கே கட்டினால் 1,800 கிலோகிராம். ஆனால் நாம் அவற்றைத் தூக்கப்போவதில்லை, நிலத்தில் இழுக்கப்போகிறோம். உராய்வுக் குணகம் 0.6 எனக் கொண்டால் சமதரையில் 1,100 கிலோகிராம் நிறைக்குச் சமமான இழுவிசை போதும். மூன்றுக்கு ஒன்று உயரும் சரிவில் மேல்நோக்கி இழுப்பதற்கும் 1,600 கிலோகிராம் அளவே வேண்டும். குற்றி ஒரு வேரிலோ கல்லிலோ முட்டும்போது விசை திடீரென உயரும். அதற்கும் இடம் விட்டாலும் நான்கு தொன் பொறி இவ்வேலைக்குத் தாராளமானது.

இரண்டாவது, வலு. விசையை வேகத்தால் பெருக்க வருவது வலு என்பதை மாணவர்கள் அறிவார்கள். நான்கு தொன் இழுவிசை ஏறக்குறைய 40,000 நியூற்றன். வடம் வினாடிக்கு அரை மீற்றர் வேகத்தில் வருமாயின் வேண்டிய வலு 20 கிலோவாற்று, அதாவது 27 பரிவலு. எட்டுத் தொன்னை அதே வேகத்தில் இழுக்க 54 பரிவலு வேண்டும். என் மாணவரின் வண்டியோ 50 பரிவலு உடையது. இயந்திரத்தால் இயலாத பலத்துக்கு விலை கொடுப்பது, நான்கு பேர் உண்ணும் வீட்டுக்குக் கலியாணக் கிடாரம் வாங்குவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவதாக வருவது பாரம். ஆபத்து இருப்பது இங்கேதான். அவருடைய வண்டியின் நிறை 2,500 கிலோகிராம். அதில் 1,000 கிலோகிராமை முன்னச்சுத் தாங்குகிறது என வைத்துக்கொள்வோம். அச்சுகளுக்கிடையே 2 மீற்றர் தூரம். பொறியின் பாரம் பின்னச்சுக்கு 1.1 மீற்றர் பின்னே தொங்குகிறது. எட்டுத் தொன் பொறி 550 கிலோகிராம் நிறையுடையதாயின், நெம்புகோல் விதிப்படி அது முன்னச்சிலிருந்து 300 கிலோகிராமைக் குறைத்துவிடும். குற்றிகளின் தலைகளைப் பொறியோடு உயர்த்திக் கட்டிப் பாதைக்குக் கொண்டுபோகும்போது அவை இன்னும் 400 கிலோகிராம் சேர்த்தால், முன்னச்சு மேலும் 220 கிலோகிராமை இழக்கும். எஞ்சுவது 480. வண்டி நிறையின் ஐந்திலொரு பங்கேனும் முன்னச்சில் இருந்தாலன்றிச் சுக்கான் நம் சொற்கேளாது என்பது பொது விதி; இங்கே அது 500. ஆக, சமதரையிலேயே எல்லை கடந்துவிட்டது. ஏற்றத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். 250 கிலோகிராம் நிறையுள்ள நான்கு தொன் பொறியாயின் முன்னச்சில் 640 கிலோகிராம் வரை எஞ்சும். பெரிய பொறி வாங்கியவர் முன்னே பாரம் கட்டிச் சமாளிக்கலாம். ஆனால் மிதமிஞ்சிய இழுவிசை வந்தால் சிறு வண்டியே மரத்தை நோக்கி இழுபடும். மரம் இழுக்கப் போனவரை மரம் இழுத்த கதையாக அது முடியும்.

நான்காவது, விற்பனையாளரிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வி. “நான்கு தொன்” என்று எழுதியிருப்பது வடத்தின் எந்தச் சுற்றுக்கு? வெறும் உருளையின் ஆரை 6 சென்ரிமீற்றராகவும், வடம் நிறைந்தபின் 10 சென்ரிமீற்றராகவும் இருந்தால், முதற்சுற்றில் நான்கு தொன் இழுக்கும் பொறி கடைசிச் சுற்றில் 2.4 தொன்தான் இழுக்கும். வேகம் மட்டும் அதே விகிதத்திற் கூடும். ஆதலால் “கிடக்கட்டும்” என்று நூறு மீற்றர் வடத்தைச் சுற்றிவைப்பது இலாபமன்று. ஐம்பது, அறுபது மீற்றர் பெரும்பாலான பண்ணைக் காடுகளுக்குப் போதும்.

வடத்தைப் பற்றியும் சில சொற்கள். அறுவதற்கு வேண்டிய விசை, பொறியின் இழுவிசையிலும் இரண்டு மடங்காக இருத்தல் வேண்டும். மிகையான இழுப்பு வந்தால் பொறியின் கிளச்சு வழுக்கவேண்டுமேயன்றி வடம் அறுதலாகாது. அறுந்த கம்பி வடம் சாட்டையாகச் சுழன்று ஆளை வெட்டும். இக்காலத்தில் செயற்கை நார் வடங்களும் உள்ளன. பத்து மில்லிமீற்றர்க் கம்பி வடம் ஐம்பது மீற்றர் ஏறக்குறைய 20 கிலோகிராம். நார் வடமாயின் அதன் ஆறில் ஒரு பங்கும் இராது. முழங்காலளவு பனியில் அதனை இழுத்துக்கொண்டு மேடேறுபவருக்கு இந்த வேறுபாடு பெரிது. ஆனால் கூரிய கல்லும் மிகு வெப்பமும் நார் வடத்துக்குப் பகை, விலையும் அதிகம்.

இவ்வளவும் படித்தபின், “என்றோ ஒருநாள் மிகப் பெரிய மரம் வந்தால்?” என்று அவர் கேட்பார். அதற்கு விடை நம் ஊர்க் கிணற்றடியிலே தொங்குகிறது: கப்பி. மரத்திலே ஒரு கப்பியை மாட்டி, வடத்தை அதனூடே திருப்பி, நுனியை உறுதியான ஓர் அடிக்கட்டையிற் கட்டினால், மரம் பெறும் விசை ஏறத்தாழ இரட்டிப்பாகும்; வேகம் பாதியாகும். நான்கு தொன் பொறி வேண்டியபோது மட்டும் எட்டுத் தொன் பொறியாகிவிடும்! ஒன்றை மறத்தலாகாது: வடம் திரும்பும் இடத்திலுள்ள கப்பியும் அதன் கட்டும் இரட்டை விசையைத் தாங்குகின்றன, ஆதலால் அவை அதற்கேற்ற வலிமையுடையனவாக இருத்தல் வேண்டும். வடம் வளையும் உட்புறத்தில் ஒருபோதும் நிற்றலாகாது. கப்பி பெயர்ந்தால் அது பாயும் திசை அதுவே.

எட்டுத் தொன்னுக்கெனச் சேர்க்க நினைத்த பணத்தை வேறு மூன்றுக்குச் செலவிடுமாறு எழுதினேன். ஒன்று, நல்லதொரு கப்பி. இரண்டு, சாரதிக்கும் வடத்துக்கும் இடையே உறுதியான கம்பிவலைத் தடுப்பு. மூன்று, வானொலி அலையால் இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவி. கயிற்றை இழுத்து இயக்கும் பொறியும் தீயதன்று. கயிற்றை விட்டதும் இழுப்பு நின்றுவிடும். ஆனால் அதை இயக்குபவர் வண்டியருகே நிற்கவேண்டும். கையடக்கக் கருவி உடையவரோ குற்றியின் பக்கவாட்டில், வடத்துக்கு எட்டாத தூரத்தில் நடந்து, குற்றி முட்டும் இடத்தைக் கண்ணாலே கண்டு உடனே நிறுத்தலாம். தனியாக வேலை செய்பவருக்கு இதிலும் பெரிய பலம் வேறில்லை.

சுழல்தண்டின் உறையையும் பார்த்து வாங்குமாறு எழுதினேன். அது நிமிடத்துக்கு 540 முறை, அதாவது வினாடிக்கு ஒன்பது முறை சுழல்கிறது. ஏழு சென்ரிமீற்றர் விட்டமுள்ள தண்டு ஒரு வினாடியில் இரண்டு மீற்றர் துணியை இழுத்துச் சுற்றிவிடும். இது நோர்வேக்கு மட்டும் உரிய எச்சரிக்கையன்று. சாரத்தோடும் சேலையோடும் உழவு இயந்திரத்தின் அருகே வேலை செய்யும் நம் வயற்புறத்தாருக்கும் உரியது. அவ்வாறே, வின்ச் இல்லாமல் சங்கிலியால் இழுக்க நேரும் நம்மவர்கள், வண்டியின் அச்சுக்குக் கீழேயுள்ள இழுவைக் கொளுக்கியிலன்றி வேறெங்கும் சங்கிலியைக் கட்டாதிருப்பார்களாக. அந்த ஒரு முழ உயரந்தான் என் பெரியப்பாவின் கால்.

மறுமொழி சென்ற வாரம் வந்தது. நான்கு தொன் பொறி வாங்கிவிட்டாராம். கப்பியும் கட்டுப்பாட்டுக் கருவியும் உடன் வந்தனவாம். அயற்பண்ணைக்காரரோடு முறைவைத்து, இருவரும் ஒருவர் காட்டில் ஒருவராகச் சேர்ந்தே வேலை செய்வதென முடிவு செய்திருக்கிறார்களாம். “நெம்புகோல் கணக்கை இந்தமுறை நானே செய்து பார்த்தேன், சேர். விடை சரி” என்று எழுதியிருந்தார். கடைசி வாங்கிலிருந்து அந்த விடை வந்து சேர இருபது ஆண்டு சென்றது. ஆயினும் காலம் கடந்துவிடவில்லை.

இம்முறை அவர் மனைவி கடிதத்தின் அடியில் ஒன்றும் எழுதவில்லை. அதுவே எனக்கு நிறைவாக இருந்தது.