பொம்மையார்பாளையத்துச் செம்மண் பள்ளம்



போன இதழின் அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் பாலைவனம்?" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ராஜஸ்தானா என்று ஒருவர், ஜோர்டானா என்று இன்னொருவர். அவ்வளவு தூரம் போக வேண்டாம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள், பொம்மையார்பாளையத்தை ஒட்டிய செம்மண் மேடு அது.

கூடவே வந்த கேள்வி: அந்த மேட்டிலுள்ள பள்ளங்களை இப்படிச் செதுக்கக் காற்றுக்கு எத்தனை ஆயிரம் வருடம் பிடித்திருக்கும்? காற்றுக்கு இதில் அதிகப் பங்கில்லை. எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையின் கைவரிசை.

இந்த மேட்டின் பாறைக்கு நிலவியலார் வைத்த பெயர் கடலூர் மணற்கல். பழைய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும் கூழாங்கல்லும் கெட்டித்த படிவு. கல் என்று பெயர்தானே தவிர, பல இடங்களில் நகத்தால் சுரண்டினாலே உதிர்கிறது. மணலைப் போர்த்திய இரும்பு ஆக்சைடு சிவப்பைத் தருகிறது. இடையிலுள்ள களி பருக்கைகளைப் பிடித்து வைத்திருக்கிறது. சித்திரை வெயிலில் சுவர் போல விறைத்து நிற்கும். தண்ணீர் ஊறினால் களி இளகிப் பிடி விட்டுவிடும்.

மரமில்லாத மேட்டில் பெய்த மழை, மாடு நடந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். அடுத்த மழைக்கு அது வாய்க்கால். சில வருடங்களில் ஆள் உயரப் பள்ளம். பள்ளத்தின் தலைமாட்டில் அருவி மாதிரி விழும் நீர் அடியைக் குடைய, மேலே தொங்கும் மண் பாளம் பாளமாகச் சரியும். இப்படிப் பள்ளம் கடற்கரையிலிருந்து மேட்டை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே போகிறது. 2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் கரையேறி நகராமல் நின்றபோது புதுச்சேரியில் ஒரே நாளில் கொட்டியது சுமார் 48 சென்டிமீட்டர். அப்படி ஒரு நாள், பல வருட வேலையைச் செய்துவிடும்.

மழை விட்ட மறுநாள் போனால் தரையைக் குனிந்து பாருங்கள். விரல் உயரத்தில் நூற்றுக்கணக்கான மண் தூண்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கூழாங்கல், குடை பிடித்த மாதிரி. கல் மறைத்த மண் தப்பித்திருக்கிறது, சுற்றியிருந்தது கரைந்து போயிருக்கிறது. தூணின் உயரம்தான் அந்த மழை அரித்த ஆழம்.

நிஜப் பாலைவனத்திலும் கதை ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவில் அரிசோனாவின் ஆண்டிலோப் பள்ளத்தாக்கு உலகப் புகழ் பெற்றது. அங்குள்ள மணற்கல் ஒரு காலத்தில் காற்று குவித்த மணல்மேடு. ஆனால் அதை அறுத்தது எப்போதாவது வரும் திடீர் வெள்ளம். 1997 ஆகஸ்டில் அங்கே 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் மாண்டார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி.

நம் மணற்கல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. புதுச்சேரியிலிருந்து வடமேற்கே, வக்கிரகாளியம்மன் கோயில் உள்ள திருவக்கரையில், இதே படிவு கரைந்த இடங்களில் கல்லாய்ப் போன மரங்கள் வெளிப்பட்டுக் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். 1781-இல் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இவற்றைப் பதிவு செய்தார். மரத்தில் சிலிக்கா ஏறிவிட்டதால் கட்டை நின்றது, மணல் போனது. கிளையும் வேரும் இல்லாமல் படுத்துக் கிடப்பதால், அவை வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை என்கிறார்கள். அரிப்பு மட்டும் இல்லையென்றால் அவற்றை நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

அதற்காக அரிப்பைக் கொண்டாட எனக்கு மனமில்லை. 1968-இல் ஆரோவில் நகரம் தொடங்கியபோது, அது அமைந்த இதே செம்மண் மேடு கிட்டத்தட்டப் பொட்டல். மழைக்கு மேல்மண் ஓடிக் கடல் சிவந்தது. அங்கு வந்தவர்களும் சுற்றுக் கிராமத்தாரும் சேர்ந்து வரப்பு போட்டார்கள், பள்ளங்களுக்குக் குறுக்கே சின்னச் சின்னத் தடுப்பணை கட்டினார்கள், மரம் வைத்தார்கள். ஓடிய தண்ணீர் நின்று மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது. புதுச்சேரி வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவும் இறங்கியிருப்பது இந்த மணற்கல்லுக்குள்தான் என்பதை நினைத்தால், போட்டோவுக்கு அழகான ஒரு பள்ளம் போதும், மற்றவை மூடட்டும் என்றே தோன்றுகிறது. படப்பிடிப்புக்கு இடம் தேடும் சினிமாக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரில் சாவியால் பெயர் கீறாதீர்கள். அடுத்த மழையில் தண்ணீர் முதலில் பிடித்து இறங்குவது அந்தக் கீறலைத்தான். செல்ஃபிக்காக விளிம்பில் நிற்காதீர்கள். அடியில் எவ்வளவு குடைந்திருக்கிறது என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது.

அன்புடன்,
ஆசிரியர்