தல விருட்சம் காட்டும் வழி

திருமறைக்காடு எனப் போற்றப்படும் வேதாரண்யத்தின் தல விருட்சம் வன்னி. மழை பொய்த்தாலும் ஆழத்து நீரைத் தேடி வேர்விட்டு உயிர் வாழும் மரம் அது. திருமயிலையின் புன்னையோ உப்புக்காற்றைத் தாங்கி மணற்பாங்கிலும் தழைப்பது. சிதம்பரத்திற்குப் பெயர் தந்த தில்லை மரம் இன்றும் பிச்சாவரத்துச் சதுப்பு நிலத்தில் வளர்கிறது. நம் முன்னோர் வழிபட்ட மரங்கள் அந்தந்த மண்ணுக்கும் காற்றுக்கும் உரியவையாகவே இருந்தன.

2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் இலட்சக்கணக்கான தென்னைகள் ஓரிரவில் சாய்ந்தன. நெல் அழிந்தால் அடுத்த பருவத்தில் விதைக்கலாம். தென்னங்கன்று காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். நிலம் முழுவதையும் தென்னைக்கே தந்திருந்த குடும்பங்களுக்கு அவ்வாண்டுகளைக் கடத்துவது பெரும்பாடாயிற்று.

காலநிலை மாறிவரும் இந்நாளில் ஒன்றையே நம்பாதிருப்பதே உழவருக்கு முதற்காப்பு. பயிருக்குப் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டமும், தென்னைக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீடும் உள்ளன. வரப்பிலும் வேலியோரத்திலும் பலவகை மரம் வளர்ப்பது அடுத்த காப்பு. பயிரோடு மரம் வளர்ப்பதற்கென 2014 ஆம் ஆண்டிலேயே தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கையை இந்திய அரசு வகுத்தது.

இம்மரங்களுக்கு இப்போது புதியதொரு மதிப்பும் சேர்ந்துள்ளது. காற்றிலுள்ள கரியமில வாயுவை மரம் உட்கொண்டு தன் உடலில் சேர்க்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பனே. அவ்வாறு ஈர்க்கப்படும் ஒரு டன் கரியமில வாயு ஒரு கார்பன் கிரெடிட்டாகக் கணக்கிடப்பட்டு, புகை வெளியிடும் தொழில் நிறுவனங்களுக்கு விற்கப்படுகிறது. சிறு உழவர் பலரை ஒன்றுசேர்த்தே இத்திட்டங்கள் நடத்தப்படுகின்றன.

ஆயினும் அவசரம் ஆகாது. முன்பே நிற்கும் மரத்துக்குப் பொதுவாகப் பணம் இல்லை. புதிதாக நட்டதே கணக்கில் சேரும். மரத்தின் சுற்றளவை அளந்து சரிபார்த்த பின்னரே தொகை வரும். அதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். மரம் வெட்டுண்டாலோ எரிந்தாலோ சேர்த்த கார்பன் மீண்டும் காற்றில் கலந்துவிடும் என்பதால், ஒப்பந்தங்கள் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு நீள்வதுண்டு.

பல குடும்பங்களில் பட்டா பெரியோர் பெயரிலும், பிள்ளைகள் வெளியூரிலும் இருக்கின்றனர். தாத்தா இடும் கையெழுத்து பேரன் காலத்திலும் நிலத்தைப் பிணைக்கக்கூடும். எனவே பத்திரத்தைத் தமிழில் கேட்டு வாங்கிப் பிள்ளைகளுடன் படித்தல் நலம். வருவாயில் உழவர் பங்கு எவ்வளவு, புயலில் மரம் விழுந்தால் பொறுப்பு யாருடையது, திருமணம், மருத்துவம் போன்ற அவசரத்துக்கு மரத்தை விற்க உரிமை உண்டா என்னும் மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை இருத்தல் வேண்டும். நெல் விளையும் நன்செய்யை முழுவதும் மரத்துக்குக் கொடுத்துவிடுதலும் தகாது. வீட்டுக்கு அரிசி தரும் நிலம் அது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி, கன்று நடுதற்கு ஏற்ற காலம். ஒப்பந்தம் அமைந்தாலும் அமையாவிட்டாலும் வரப்பில் சில கன்றுகளை நடலாம். மண்ணுக்கு ஒத்ததாயின், முதற்கன்று தம் ஊர்க் கோயிலின் தல விருட்சமாகவே இருக்கட்டும்.