தமிழில் புகார் கொடுத்தால் யார் படிக்கிறார்கள்?

2018 பிப்ரவரி இறுதியில், இலங்கையின் அம்பாறை நகர உணவகம் ஒன்றில் சாப்பிட வந்தவர் கறியில் ஏதோ கட்டி கிடக்கிறது என்று தகராறு செய்தார். சிங்களவரை மலடாக்கும் மாத்திரை அது என்று கூட்டம் திரண்டது. கடையிலிருந்தவர் தமிழ் பேசும் முஸ்லிம். சிங்களம் சரியாக வராது. மாவுக் கட்டியைத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி, மிரண்டுபோய், போட்டதாக ஏதோ சொன்னார். அந்த நொடியைப் படம்பிடித்த வீடியோ ஃபேஸ்புக்கில் பரவியது. அது வெறும் மாவு என்று ஆய்வில் தெரியவருவதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன.

அடுத்த சில நாள்களில், தெல்தெனியாவில் தாக்கப்பட்ட சிங்கள லாரி ஓட்டுநர் இறந்ததும், முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் கண்டி மாவட்டமே எரிந்தது. முஸ்லிம்களைக் கொல்லச் சொல்லும் சிங்களப் பதிவுகளைப் பற்றி ஃபேஸ்புக்கிடம் முறையிட்டவர்களுக்கு, அவை விதிகளை மீறவில்லை என்ற பதிலே வந்தது. வேறு வழி தெரியாத அரசு நாடு முழுவதும் சமூக ஊடகங்களை முடக்கியது. வதந்தியை மறுக்க நினைத்தவர்களின் வாயும் அதோடு சேர்ந்து அடைபட்டது. இந்த வன்முறைக்குத் தன் தளம் பயன்பட்டதற்காக 2020 மே மாதம் ஃபேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

வெறுப்புப் பதிவுகளைத் தடுக்க ஃபேஸ்புக் தவறியது மியான்மரிலும் நடந்தது. 2015 தொடக்கத்தில் அந்நாட்டுப் பதிவுகளைப் பார்க்க ஃபேஸ்புக்கில் பர்மிய மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான் இருந்தார்கள் என்று ராய்ட்டர்ஸ் வெளிக்கொணர்ந்தது. 2017-இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் ராணுவத் தாக்குதலுக்கு அஞ்சி வங்கதேசத்துக்கு உயிர் தப்பி ஓடினர். ராணுவத் தளபதி மின் ஆங் லைங்கின் பக்கம் நீக்கப்பட்டது மறு ஆண்டு ஆகஸ்டில்தான்.

ஒரு மொழியில் விளம்பரம் விற்றுச் சம்பாதிக்கும் நிறுவனம், அந்த மொழி அறிந்தவர்களைப் போதிய எண்ணிக்கையில் வேலைக்கு வைத்தே ஆகவேண்டும். 2024-இல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் வருவாய் 16,000 கோடி டாலரைத் தாண்டியது. ஆள் போடப் பணமில்லை என்று சொல்ல அதற்கு முகாந்திரமே இல்லை. பணத்தை எங்கே செலவிடுகிறார்கள் என்பதும் தெரிந்த செய்திதான். பொய்ச் செய்திகளை இனங்காணும் பணிக்கான நேரத்தில் 87 விழுக்காடு அமெரிக்காவுக்கே ஒதுக்கப்பட்டதாக, 2021-இல் அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஃப்ரான்சஸ் ஹாகன் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. அன்றாடப் பயனர்களில் அமெரிக்கர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். ஆனால் நம் மக்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள்; பாதி தமிழ், பாதி ஆங்கிலமாக வசைபாடுகிறார்கள். ஓர் ஊரில் சாதாரணமாகப் புழங்கும் சொல், பக்கத்து ஊரில் சாதியைக் குத்திக்காட்டும் இழிசொல்லாக இருக்கும். கத்திக்கு மாலை போட்ட படத்துக்குக் கீழே வெறும் வாழ்த்து மட்டும் எழுதியிருந்தாலும், அது யாருக்கு விடுக்கப்பட்ட மிரட்டல் என்பது அந்த வட்டாரத்துக்காரருக்கு உடனே புரியும். ஆங்கிலத்தில் பழகிய இயந்திரம் அதைக் கடந்து போய்விடும்.

மொழி தெரிந்தவர்களை வேலைக்கு வைக்கச் சொன்னால் கருத்துச் சுதந்திரம் பறிபோகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எதை நீக்குவது என்று அமைச்சரோ அதிகாரியோ முடிவெடுக்க வேண்டும் என்று நாம் கேட்கவே இல்லை. புகாரைப் படிப்பவருக்கு அது எழுதப்பட்ட மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம். மொழி தெரியாதவர் கையில் நியாயமான விமர்சனமும் தவறுதலாக அழிக்கப்படும். சுதந்திரத்துக்கும் அது கேடுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் வழிகாட்டியிருக்கிறது. ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகள் ஒவ்வொன்றிலும் பதிவுகளைச் சரிபார்க்க எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களின் தகுதி என்ன என்பதைப் பெரிய தளங்கள் வெளியிட்டாக வேண்டும். மீறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் 6 விழுக்காடு வரை அபராதம். சில லட்சம் பேர் வாழும் மால்டாவின் மொழிக்குக் கிடைத்திருக்கும் இந்த உரிமை, ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் தமிழுக்கு இல்லை.

இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்கள் மாதந்தோறும் அறிக்கை வெளியிட வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுக்கும் ஆள் கணக்கையும், மொழிவாரியாக வந்த புகார்கள், எடுத்த நடவடிக்கைகள் ஆகியவற்றின் கணக்கையும் அந்த அறிக்கையில் கட்டாயமாக்க ஒன்றிய அரசு விதியைத் திருத்த வேண்டும். தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி அடுத்த கூட்டத்தொடரிலேயே இதை எழுப்ப வேண்டும்.